மூளையைத் தூண்டினால் குடி வேட்கை தணியுமா? காந்த, மின் சிகிச்சைகள் குறித்து ஆய்வுகள் சொல்வது என்ன?

ஹெப்பகோடி (பெங்களூரு): மண்டை ஓட்டைத் திறக்காமல், மயக்க மருந்து கொடுக்காமல், தலைக்கு வெளியே வைக்கப்படும் கருவி மூலம் காந்தத் துடிப்புகளையோ மெல்லிய மின்சாரத்தையோ செலுத்தி மூளையின் செயல்பாட்டை மாற்றும் சிகிச்சைகள் மனநல மருத்துவத்தில் பரவலாகி வருகின்றன. மனச்சோர்வுக்குப் பயன்பட்டு வரும் இந்த முறைகள், குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத வேட்கையையும் தணிக்குமா என்ற கேள்விக்கு இந்தியா உள்படப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் விடை தேடி வருகின்றனர்.

எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் சாலையில் அமைந்துள்ளது ஹெப்பகோடி. பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டிய இந்த நகரில் ஆலைத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வசிக்கின்றனர். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி தொடங்கப்பட்ட பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் இந்த ஊரின் பெயரிலும் ஒரு நிலையம் உள்ளது. இதே ஓசூர் சாலையில் நகரை நோக்கிச் சென்றால், நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் வருகிறது. குடி, போதைப் பழக்கங்களுக்கான சிறப்பு மையம் ஒன்று அங்கு இயங்குகிறது. மூளைத் தூண்டல் சிகிச்சைகளிலும் இந்நிறுவனம் நீண்ட ஆய்வு அனுபவம் கொண்டது. சிஸோஃப்ரினியா நோயாளிகளின் காதில் ஒலிக்கும் மாயக் குரல்களைக் குறைக்க மெல்லிய மின்சாரம் உதவுமா என்பது அங்கு விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

"மூளைக்கு கரண்ட் வைத்தால் குடி நின்றுவிடும்" என்று யாரோ சொல்லக் கேட்டு, கடன் வாங்கியாவது அந்தச் சிகிச்சையைச் செய்துவிட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு, இதில் உறுதியானது எது, உறுதியாகாதது எது என்ற தெளிவு அவசியம்.

வேட்கை எங்கிருந்து வருகிறது?

குடிநோய் மன உறுதி இல்லாதவர்களின் பழக்கம் என்று சமூகம் கருதினாலும், மருத்துவம் அதை மூளையைப் பாதிக்கும் நோயாகவே பார்க்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள வெகுமதி மண்டலம், உணவு, அன்பு போன்றவை கிடைக்கும்போது டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, "இதை மீண்டும் செய்" என்று பதிய வைக்கிறது. மது இந்த மண்டலத்தை வழக்கத்துக்கு மீறித் தூண்டுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது மதுக்கடையின் பெயர்ப்பலகை, சம்பள நாள், வேலை முடியும் நேரம், உடன் குடிக்கும் நண்பரின் குரல் என ஒவ்வொன்றும் வேட்கையைக் கிளப்பும் தூண்டுகோலாக மாறிவிடுகிறது.

இதற்குக் கடிவாளம் போடுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. விளைவுகளை எடைபோடுவதும் "வேண்டாம்" என்று தடுத்து நிறுத்துவதும் இதன் பணி. தொடர்ந்து குடிப்பவர்களிடம் இப்பகுதியின் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. காலையில் "இனிமேல் தொடமாட்டேன்" என்று மனதாரச் சத்தியம் செய்தவர் மாலையில் கடை வாசலில் நிற்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. தளர்ந்த இந்தப் பகுதியை வெளியிலிருந்து தூண்டி வலுப்படுத்த முடியுமா என்பதே மூளைத் தூண்டல் சிகிச்சையின் அடிப்படை எண்ணம்.

இரண்டு கருவிகள், இரண்டு வழிகள்

முதலாவது, டிஎம்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் காந்தத் தூண்டல். மாறும் காந்தப்புலம் அருகில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிதான் இதற்கும் அடிப்படை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1985ஆம் ஆண்டு ஆண்டனி பார்க்கர் குழுவினர் இந்த முறையில் மனித மூளையைத் தூண்டிக் காட்டினர். 8 என்ற எண் வடிவிலான கம்பிச்சுருளைத் தலையின் மேல் வைத்து நொடிக்குப் பல முறை காந்தத் துடிப்புகள் செலுத்தப்படும். ஒவ்வொரு துடிப்புக்கும் "டக், டக்" என்ற ஒலி கேட்கும். உச்சந்தலையில் தட்டுவது போன்ற உணர்வு இருக்கும். எவ்வளவு வலிமை தேவை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கையசைவுக்கான மூளைப் பகுதியைத் தூண்டி, கட்டைவிரல் துடிக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த அளவைக் கண்டறிந்து, அதை வைத்தே ஒவ்வொருவருக்கும் அளவு முடிவு செய்யப்படுகிறது.

இரண்டாவது, டிடிசிஎஸ் எனப்படும் நேர்மின் தூண்டல். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் தகடுகளைத் தலையில் பொருத்தி, பொதுவாக 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரையிலான மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடங்கள் செலுத்துவது இதன் முறை. காந்தத் தூண்டல் நரம்பணுக்களை நேரடியாக இயங்க வைக்கிறது. இந்த மெல்லிய மின்சாரமோ அவை இயங்குவதற்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்கிறது. கருவி சிறியது, விலையும் குறைவு.

மயக்க மருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கும் மின்அதிர்ச்சி சிகிச்சையும் இவையும் ஒன்றல்ல. இந்த இரண்டிலும் நோயாளி விழிப்புடன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குச் செல்லலாம்.

ராஞ்சியில் நடந்த ஆய்வு

குடி வேட்கைக்குக் காந்தத் தூண்டல் பயன்படுமா என்று உலக அளவில் தொடக்க காலத்தில் சோதித்தவற்றுள் ஓர் இந்திய ஆய்வும் உண்டு. ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனத்தில் பிஸ்வ ரஞ்சன் மிஸ்ரா உள்ளிட்டோர் நடத்திய அந்த ஆய்வு, 2010ஆம் ஆண்டு 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச இதழில் வெளியானது. மதுவுக்கு அடிமையான 45 பேரில் 30 பேருக்கு உண்மையான தூண்டலும், 15 பேருக்குத் தூண்டல் போலவே தோன்றும் போலிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. முன்மூளைப் புறணியின் வலப்பக்கத்தில் நொடிக்கு 10 துடிப்புகள் என்ற வேகத்தில் மொத்தம் 10 அமர்வுகள் நடந்தன. போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட உண்மையான தூண்டல் பெற்றவர்களிடம் வேட்கை மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

இடப்பக்கம், வலப்பக்கம் ஆகியவற்றில் எது சிறந்தது என்று 20 நோயாளிகளிடம் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வின் முடிவு 2015ஆம் ஆண்டு வெளியானது. இரு பக்கங்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரண்டு பிரிவினருக்கும் உண்மையான தூண்டலே அளிக்கப்பட்ட இதுபோன்ற ஒப்பீட்டில், வேட்கை குறைந்ததற்குத் தூண்டல் காரணமா, நாள்கள் கடந்ததும் மருத்துவமனைச் சூழலும் காரணமா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

போலிச் சிகிச்சைப் பிரிவு ஏன் தேவை என்பதை இது காட்டுகிறது. மருத்துவமனையில் சேர்ந்து, குடியை நிறுத்தி, தினமும் அக்கறையுடன் கவனிக்கப்படும் எவருக்கும் சில வாரங்களில் வேட்கை ஓரளவு தணியும். இயற்கையாக ஏற்படும் அந்தத் தணிவுக்கு மேல் கருவி எவ்வளவு சேர்க்கிறது என்பதே உண்மையான கேள்வி.

மாறுபடும் முடிவுகள்

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டு ஆய்வுகள் தரும் விடைகள் ஒன்றுபோல் இல்லை. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகக் குழுவினர், மூளையின் உள்மடிப்பில் இருக்கும் இன்சுலா பகுதியைக் குறிவைத்து 56 பேரிடம் நடத்திய ஆய்வு 2020ஆம் ஆண்டு வெளியானது. உண்மையான தூண்டல் பெற்றவர்களும் போலிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குடியைக் குறைத்திருந்தனர். கருவியால் கூடுதல் பலன் தெரியவில்லை.

அதன்பின் இஸ்ரேல், ஸ்வீடன் ஆய்வாளர்கள் இணைந்து வேறு பகுதியை, அதாவது முன்மூளையின் நடுப்பகுதியையும் அதையொட்டிய சிங்குலேட் புறணியையும் ஆழமாகத் தூண்டிப் பார்த்தனர். 51 பேர் சேர்க்கப்பட்ட இந்த ஆய்வு 2022ஆம் ஆண்டு வெளியானது. தொடர் கண்காணிப்புக் காலத்தில் அளவுக்கு மீறிக் குடித்த நாள்களின் விகிதம், உண்மையான தூண்டல் பெற்றவர்களிடம் 2.9 சதவீதமாகவும் போலிச் சிகிச்சை பெற்றவர்களிடம் 10.6 சதவீதமாகவும் இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் இது சாத்தியத்தைச் சோதிக்கும் சிறிய ஆய்வு என்பதால், பெரிய அளவில் மீண்டும் உறுதி செய்யப்பட வேண்டும்.

மின் தூண்டலைப் பொறுத்தவரை, பிரேசிலில் 33 பேரிடம் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கவனத்துக்குரியது. ஐந்து நாள் சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் கடந்து பார்த்தபோது, உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 50 சதவீதத்தினரும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 11.8 சதவீதத்தினரும் குடிக்காமல் இருந்தனர். ஆனால் எண்ணிக்கையில் அது 8 பேரும் 2 பேரும்தான். ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று 2017ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், போதை வேட்கைக்கு மின் தூண்டல் "பலன் தரக்கூடும்" என்ற இடைநிலைத் தகுதியையே பெற்றது. "உறுதியாகப் பலன் தரும்" என்ற முதல்நிலைத் தகுதி அதற்குக் கிடைக்கவில்லை.

வேட்கை குறைந்தால் குடி நின்றுவிடுமா?

பிரேசில் ஆய்வில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. குடிக்காமல் இருந்தவர்களின் எண்ணிக்கை கூடிய அதே ஆய்வில், வேட்கை மதிப்பெண்ணில் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. ராஞ்சி ஆய்விலோ வேட்கை மதிப்பெண் குறைந்ததே முதன்மையான முடிவு. வேட்கையும் குடியும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்பதை இந்த இரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன.

வேட்கை என்பது அந்த நேரத்தில் நோயாளி தானே சொல்லும் மதிப்பீடு. மதுவே கிடைக்காத மருத்துவமனை வார்டில் அமர்ந்து "இப்போது குடிக்கத் தோன்றவில்லை" என்று சொல்வது ஒன்று. வீடு திரும்பி, சம்பளம் கைக்கு வந்த மாலையில், நண்பர்கள் அழைக்கும்போது மறுப்பது வேறொன்று. எனவே எந்தச் சிகிச்சையை மதிப்பிடும்போதும் கேட்க வேண்டியது வேட்கை எத்தனை புள்ளி குறைந்தது என்பதை மட்டுமல்ல. ஆறு மாதத்தில், ஓராண்டில் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்பதையும்தான்.

அனுமதி எதற்கு உள்ளது?

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் காந்தத் தூண்டலை 2008ஆம் ஆண்டு மனச்சோர்வுக்கும், 2018ஆம் ஆண்டு எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடிக்கும், 2020ஆம் ஆண்டு புகைப் பழக்கத்தைக் கைவிடுவதற்கும் அனுமதித்தது. இந்தப் பட்டியலில் மது இடம்பெறவில்லை. புகைப் பழக்கத்துக்கான அனுமதிக்கு அடிப்படையாக அமைந்த ஆய்வில் 262 பேர் பங்கேற்றனர். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 19.4 சதவீதத்தினர் புகையைக் கைவிட்டனர். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 8.7 சதவீதம். இரு மடங்குக்கும் மேற்பட்ட பலன்தான் என்றாலும், அனுமதி பெற்ற அந்தச் சிகிச்சையிலும் ஐந்தில் நான்கு பேர் புகையைக் கைவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

குடியுடன் கடுமையான மனச்சோர்வும் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மனச்சோர்வுக்காகவே காந்தத் தூண்டல் பரிந்துரைக்கப்படலாம். அப்போதும் குடியை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மனச்சோர்வு நீடிக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். மது உண்டாக்கிய சோர்வு, குடி நின்றதும் தானாகவே விலகிவிடக்கூடும்.

பாதுகாப்பானதா?

தலைவலி, தூண்டிய இடத்தில் வலி, மின் தூண்டலில் தோல் அரிப்பு அல்லது சிவத்தல் போன்றவை பொதுவான பக்கவிளைவுகள். அவை பெரும்பாலும் விரைவில் நீங்கிவிடும். காந்தத் தூண்டலில் அஞ்ச வேண்டியது வலிப்பு. இது மிக அரிதே என்றாலும் குடிநோயாளிகளிடம் தனிக் கவனம் தேவை. குடியைத் திடீரென நிறுத்திய முதல் சில நாள்களில் மூளை ஏற்கெனவே வலிப்புக்கு நெருக்கமான நிலையில் இருக்கும். தூக்கமின்மையும் அந்த அபாயத்தைக் கூட்டும். ஆகவே குடியை நிறுத்துவதால் ஏற்படும் உடல் பாதிப்புகள் அடங்கிய பிறகே தூண்டல் தொடங்கப்பட வேண்டும்.

தலைக்குள் உலோகக் கிளிப் அல்லது காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டவர்களுக்குக் காந்தத் தூண்டல் ஏற்றதல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மின் தூண்டல் கருவியின் அமைப்பு எளிமையாகத் தோன்றுவதால், இணையத்தில் வாங்கியோ தாமே செய்தோ வீட்டில் பயன்படுத்தும் போக்கும் உலகில் காணப்படுகிறது. தகட்டை எங்கே வைப்பது, எந்த முனையை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நேரும் தவறு பலனை மாற்றிவிடும். தோலில் தீப்புண்ணும் ஏற்படலாம்.

முதலில் செய்ய வேண்டியது எது?

மூளைத் தூண்டலுக்கு முன்பே நிறைவேற வேண்டிய படிகள் உள்ளன. தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் குழப்பம், நடுக்கம், இல்லாத உருவங்கள் தெரிதல் ஆகியவற்றுடன் கூடிய பித்துநிலை ஏற்படலாம். இது உயிருக்கே ஆபத்தானது. எனவே குடியை நிறுத்துவது மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். உணவின்றிக் குடித்து மெலிந்தவர்களுக்கு வைட்டமின் பி1 எனப்படும் தயமின் கொடுப்பது நிலையான நினைவிழப்பைத் தடுக்கும் எளிய, மலிவான வழி.

அதன்பின், மீண்டும் குடிக்காமல் இருக்க உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உள்ளன. இவற்றுக்குப் பெரிய ஆய்வுகளின் ஆதாரம் உண்டு. கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. தெரியாமல் அவர் மதுவும் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும்.

மாத்திரையுடன் ஆலோசனை, குடும்பத்தினருக்கான வழிகாட்டல், சுய உதவிக் குழு ஆகியவையும் சேரும்போதே மீட்பு நிலைக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டு தொடங்கிய டிடி ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோயை மனைவி, பிள்ளைகள் அனைவரையும் பாதிக்கும் குடும்ப நோயாகக் கருதி, குடும்பத்தினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்ட முன்னோடி அமைப்புகளில் ஒன்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் கூட்டங்களில் கட்டணமின்றிப் பங்கேற்கலாம்.

சிகிச்சை எட்டாத பெரும்பான்மை

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் சுமார் 5.7 கோடி பேருக்கு மதுவால் ஏற்பட்ட பிரச்சினைகளுக்கு உதவி தேவை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்துள்ளார். நிம்ஹான்ஸ் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வும், மது தொடர்பான நோய் உள்ளவர்களில் 86.3 சதவீதத்தினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று கண்டறிந்தது.

இந்த எண்கள் சொல்வது, பெரும்பாலான குடிநோயாளிகளுக்கு இன்று குறையாக இருப்பது புதிய கருவி அல்ல. ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட எளிய சிகிச்சைகளே அவர்களை எட்டவில்லை என்பதைத்தான். பத்து, பதினைந்து, இருபது அமர்வுகளுக்குத் தினமும் வந்து போவது, ஷிப்ட் முறையில் வேலை செய்யும் தொழிலாளிக்குக் கட்டணத்துடன் நாள்கூலியையும் இழக்கச் செய்யும் செலவாகும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

மூளைத் தூண்டல் பரிந்துரைக்கப்பட்டால் சில கேள்விகளை நேரடியாகக் கேட்பது நல்லது. இது வழக்கமான சிகிச்சையா, ஆய்வின் ஒரு பகுதியா? ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா, கட்டணம் ஏன் வசூலிக்கப்படுகிறது? மாத்திரைகளும் ஆலோசனையும் முதலில் முயன்று பார்க்கப்பட்டனவா? தூண்டலுடன் அவையும் தொடருமா? எத்தனை அமர்வுகள், மொத்தச் செலவு எவ்வளவு? அமர்வுகள் முடிந்தபின் எத்தனை மாதம் தொடர் கண்காணிப்பு இருக்கும்? வலிப்பு ஏற்பட்டால் உடனே கவனிக்க மருத்துவர் அங்கு இருப்பாரா?

மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே சிகிச்சையின் தன்மை, பலன், பக்கவிளைவு, மாற்று வழிகள் ஆகியவற்றை அறிந்துகொண்டு ஒப்புதல் தருவது நோயாளியின் உரிமை. "ஒரே வாரத்தில் குடி நிற்கும்", "நூறு சதவீத உத்தரவாதம்" போன்ற வாக்குறுதிகளுக்கு எந்த ஆய்வும் ஆதாரம் அளிக்கவில்லை.

உதவி எங்கே கிடைக்கும்?

மத்திய அரசின் போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் குடும்பத்தினரும் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழ் உள்படப் பல மொழிகளில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. குடியை நிறுத்தியவருக்கு வலிப்பு, கடும் நடுக்கம், குழப்பமான பேச்சு, இல்லாதவை தெரிதல் போன்ற அறிகுறிகள் தென்பட்டால் தாமதிக்காமல் அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

காந்தத் தூண்டலும் மின் தூண்டலும் குடி வேட்கைக்கு எதிரான ஆயுதங்களாக எதிர்காலத்தில் வலுப்பெறலாம். அதற்கான அறிகுறிகள் ஆய்வுகளில் தெரிகின்றன. இப்போதைக்கு அவை, நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளுடன் சேர்த்து, மருத்துவர் மேற்பார்வையில் முயன்று பார்க்கத்தக்க துணை முறைகள் மட்டுமே. மாத்திரை, ஆலோசனை, குடும்பத்தின் துணை ஆகியவற்றுக்கு அவை மாற்று அல்ல.